வங்கிக் கிளையில் ஆறு வாரம்: "இந்த நூல் யாருடையது?"

நொய்யல்

எம்பிஏ நிதி முதலாமாண்டு முடித்த கையோடு, 2025 மே, ஜூனில் ஆறு வாரம் திருப்பூரில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் இன்டர்ன்ஷிப் செய்தேன். ஸ்டைபண்ட் கிடையாது. போவதற்கு முன் நான் தேடிப் பார்த்தபோது "செம அனுபவம்" என்றும் "சுத்த வேஸ்ட்" என்றும் இரண்டு வகைப் பேச்சுதான் காதில் விழுந்தது. எனக்கு இரண்டுமே நடந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எந்த வங்கி, எந்தக் கிளை என்று கேட்காதீர்கள். கடன்காரர் தொடர்பான எண்களையும் மாற்றியிருக்கிறேன்.

முதல் நாள் மேலாளர் கல்லூரிக் கடிதத்தைப் படித்துவிட்டு, ரகசியம் காப்பேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். கணினியில் நுழைய ஐடி தர முடியாது, யாருடைய திரையையும் போட்டோ எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். உட்கார நாற்காலி மூன்றாம் நாள்தான் கிடைத்தது.

முதல் இரண்டு வாரமும் 15எச் படிவம். நிதியாண்டு பிறந்ததும் வட்டியில் டிடிஎஸ் (வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிக்காமல் இருக்க மூத்த குடிமக்கள் வரிசையில் வந்து நிற்பார்கள். அந்த ஏப்ரலில்தான் அவர்களுக்கான வட்டி வரம்பு 50,000இலிருந்து 1 லட்சமாக ஏறியிருந்தது. வந்தவர்களில் நிறையப் பேருக்குப் படிவமே தேவையில்லை. சொன்னால் யார் நம்புகிறார்கள்? "போன வருஷம் புடிச்சுப்போட்டாங்க தம்பி, நீ பேசாம வாங்கி வை" என்றார் ஒரு பெரியவர். வாங்கி வைத்தேன்.

ஜூன் 6 வெள்ளிக்கிழமை மறக்காது. அன்று காலை ரிசர்வ் வங்கி ரெப்போவை (வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியை) அரை சதவீதம் குறைத்து 5.50 ஆக்கியது. மதியத்துக்குள் "இஎம்ஐ எப்போ குறையும்" என்று போன் மேல் போன். ரெப்போவோடு இணைந்த கடனா, வங்கி தன் செலவை வைத்து வட்டி வைக்கும் பழைய எம்சிஎல்ஆர் கடனா என்று முதலில் பார்க்க வேண்டும், இணைந்ததாக இருந்தாலும் மூன்று மாதத்துக்குள் வரும் ரீசெட் தேதியில்தான் மாறும், பெரும்பாலும் தவணைத் தொகை அப்படியே இருக்கும், மாதங்கள்தான் குறையும் — இதை அன்று ஒரு முப்பது பேருக்காவது சொல்லியிருப்பேன். அதே நாளில் நகைக்கடன் விதியும் வந்தது. 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85% வரை தரலாம் என்று. டிவியில் பார்த்துவிட்டு ஒரு அம்மா வளையலோடு வந்துவிட்டார். அது கட்டாயமாக நடைமுறைக்கு வருவது 2026 ஏப்ரல் 1 என்று நகைக்கடன் கவுன்டரில் எடுத்துச் சொல்லி அனுப்பினார்கள்.

நான்காம் வாரம்தான் கடன் பிரிவு. மேசை மேல் ஒரு நிட்டிங் யூனிட்டின் (நூலைத் துணியாகப் பின்னும் ஆலை) கடன் ரெனியூவல் பைல். இருக்கிற சிசி லிமிட் (ஸ்டாக்கை அடமானமாக வைத்து வேண்டும்போது எடுக்கும் கடனின் வரம்பு) 40 லட்சம். கேட்பது 80. போன வருட விற்றுமுதல் ஜிஎஸ்டிபடி 2.6 கோடி. வரும் வருடத்துக்கு 4 கோடி என்று ஆடிட்டர் சிஎம்ஏ (கடனுக்காக வங்கிக்குக் கொடுக்கும் கணிப்பு அறிக்கை) தயாரித்துக் கொடுத்திருந்தார். பக்கம் பக்கமாக விகிதங்கள், கரண்ட் ரேஷியோ (நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்தது) சரியாக 1.33. எனக்கு ஒரே மகிழ்ச்சி, வகுப்பில் படித்தது அப்படியே கண்முன் நிற்கிறதே என்று. எக்செலில் எல்லா விகிதத்தையும் மறுபடி போட்டுப் பார்த்து, "எல்லாம் சரியாக இருக்கிறது மேடம்" என்று கொண்டுபோய்க் கொடுத்தேன். கடன் அதிகாரி அதைப் பார்க்கவே இல்லை. "80 லட்சத்தை 20 சதவீதத்தால் வகுத்தால் எவ்வளவு?" என்று கேட்டார். 4 கோடி. சிறு தொழிலுக்கு விற்றுமுதலில் 20 சதவீதம் லிமிட் என்பதுதான் வங்கிக் கணக்கு. ஆக, விற்பனையைக் கணித்து அதிலிருந்து லிமிட் வரவில்லை. வேண்டிய லிமிட்டிலிருந்து பின்னோக்கி நடந்து விற்பனை வந்திருக்கிறது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

மறுநாள் ஸ்டாக் பார்க்கப் போனோம். மெஷின் சத்தத்தில் பேசுவது காதில் விழாது, தலையெல்லாம் பஞ்சு. மாதம்தோறும் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் நூல் மட்டும் 34 லட்சம். மேடம் மூட்டைகளை எண்ணினார். எண்ணிக்கை கிட்டத்தட்ட சரியாகவே வந்தது. கிளம்பிவிடுவோம் என்று நினைத்தேன். அவர் சுவரோரம் தனியாக அடுக்கியிருந்த மூட்டைகளுக்குப் பக்கத்தில் போய், மேசையில் குத்தியிருந்த டெலிவரி சலானை (டிசி) புரட்டிக்கொண்டே கேட்டார்: "இந்த நூல் யாருடையது?"

"நம்மளுதுதானுங்க மேடம்."

"டிசியில வேற பேரு இருக்குதுங்களே."

உரிமையாளர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் "டீ சொல்லட்டுங்களா" என்றார்.

அந்த மூட்டைகள் ஒரு ஏற்றுமதி நிறுவனம் ஜாப் ஒர்க்குக்காக அனுப்பியவை. துணியாக நெய்து... இல்லை, பின்னித் திருப்பிக் கொடுக்க வேண்டியவை. (நிட்டிங்கை "நெசவு" என்று சொன்னால் திருப்பூரில் திட்டுவார்கள்.) மதிப்பு சுமார் 11 லட்சம். கணக்கு எப்படி மாறுகிறது பாருங்கள். 34 லட்சத்தில் நூல்காரருக்குத் தர வேண்டிய 10 லட்சத்தைக் கழித்தால் 24. அதில் முதலாளி பங்கான 25% மார்ஜின் போனால் 18 லட்சம் எடுக்கலாம். அடுத்தவர் நூல் 11ஐ நீக்கினால் மிஞ்சுவது 23. கடனைக் கழித்தால் 13. மார்ஜின் போக 9.75. ஸ்டாக் மீதான ட்ராயிங் பவர் (எடுக்கக்கூடிய தொகை) ஏறக்குறைய பாதியாகிவிட்டது. எந்த விகிதத்திலும் இது தெரியாது.

மேடம் கரண்ட் பில்லையும் வாங்கிப் பார்த்தார். பன்னிரண்டு மாதமும் மின்சார யூனிட் ஏறவில்லை. புது மெஷினும் இல்லை. கடைசியில் 3 கோடி விற்றுமுதலை ஏற்று 60 லட்சத்துக்குப் பரிந்துரை எழுதினார்.

இதுதான் என் ஆறு வாரம். கேள்வி இருந்தால் கேளுங்கள்.


வைகைக்கரை

உங்களுக்கு அதிர்ஷ்டம். நான் போனது ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் "இன்டர்ன்ஷிப்". இரண்டு மாதத்தில் 30 டீமேட் (பங்குச் சந்தை) கணக்கு திறந்தால் சான்றிதழ். முதல் பத்து பேர் சித்தப்பா, பெரியம்மா, மாமா மகன் என்று முடிந்துவிட்டார்கள். பதினொன்றாவதுக்கு எங்கே போவது? பக்கத்து வீட்டு அக்காவிடம் பான் கார்டு கேட்டேன், "எதுக்குடி?" என்றார். எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. 19இல் நின்றுவிட்டேன், சான்றிதழும் இல்லை. என் வகுப்பில் ஒருவர் ஏஜென்சிக்கு 6,000 ரூபாய் கட்டி, வீட்டிலேயே இருந்து சான்றிதழ் வாங்கினார். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அவருக்கு என்னைவிட மதிப்பெண் அதிகம்.

கல்லூரிகள் "கட்டாயம்" என்று போட்டதால்தான் இந்தக் கூத்து எல்லாம். அத்தனை பேருக்கும் உட்கார நாற்காலி எந்தக் கிளையில் இருக்கிறது?


பழைய லெட்ஜர்

முப்பத்து நான்கு வருடம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதி கடன் பிரிவு. தம்பி நொய்யல், நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு கண்டிப்பு. எண்களை மாற்றினேன் என்கிறீர்கள், சரி. திருப்பூர், நிட்டிங், ரெனியூவல், ஜூன் மாதம் என்று எழுதிவிட்டால் அந்தத் தெருவில் இருப்பவருக்கு ஆளைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? கையெழுத்துப் போட்ட தாளை நினைவில் வையுங்கள்.

இனி விஷயம். 1.33 எங்கிருந்து வந்தது என்று யாராவது வகுப்பில் சொன்னார்களா? எழுபதுகளில் டாண்டன் குழு சொன்ன இரண்டாவது முறை. நடப்புச் சொத்து 100 என்றால் 25ஐ முதலாளி நீண்டகாலப் பணத்திலிருந்து போட வேண்டும், மீதி 75தான் நடப்புக் கடன். 100ஐ 75ஆல் வகுத்தால் 1.33. சிறு தொழிலுக்கு அது பொருந்தாது என்றுதான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாயக் குழு வந்தது. விற்றுமுதலில் 25% நடைமுறை மூலதனம், அதில் 5% முதலாளி, 20% வங்கி. 25க்கு 20 என்றால் 1.25. ஆக உங்கள் பைலில் விற்றுமுதல் முறையில் லிமிட் கேட்டுவிட்டு ரேஷியோவை 1.33 என்று காட்டியிருக்கிறார்கள். அந்த ஆடிட்டர் பழைய எக்செல் ஷீட்டையே ஓட்டுகிறார் என்று அதிலேயே தெரிந்துவிடும்.


கணக்குப்பிள்ளை

ஆடிட்டர் பேசுகிறேன், திட்டு வாங்கத் தயாராகவே வந்திருக்கிறேன்.

பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம் என்பது உண்மை. ஆனால் யார் பழக்கினார்கள்? போன வாரம்கூட ஒரு கிளையிலிருந்து போன்: "சார், ரேஷியோ 1.28 வருது, கொஞ்சம் 1.33 ஆக்கிக் குடுங்க, மேலே அனுப்பணும்." ஆக்கிக் கொடுக்காவிட்டால் பைல் நகராது, கட்சிக்காரர் அடுத்த ஆடிட்டரிடம் போய்விடுவார். கணிப்பு என்பது கணிப்புதான், அதில் பொய் என்று ஒன்று இல்லை. முடிந்துபோன வருடத்தின் கணக்கில் கை வைத்தால் அது குற்றம், நான் அதைச் செய்வதில்லை.

நூல் விஷயம் வேறு. அடுத்தவர் சரக்கைத் தன் ஸ்டாக்கில் காட்டுவது கணிப்பு இல்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மாத ஸ்டேட்மென்டை நாங்கள் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை, யூனிட்டில் இருக்கும் பையனே நிரப்பிக் கொடுத்துவிடுவான்.


பழைய லெட்ஜர்

"ஆக்கிக் குடுங்க" என்று கேட்ட கிளை மேலாளர்கள் உண்டு, மறுக்கவில்லை. நானும் ஒரு முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கணக்கு பிறகு 90 நாள் தாண்டி என்பிஏ (வாராக்கடன்) ஆனது. பாக்கி 30 நாள் வரை எஸ்எம்ஏ-0, 60 வரை எஸ்எம்ஏ-1 என்று வங்கி வைக்கும் எச்சரிக்கைப் பட்டியலில் ஒவ்வொரு படியாக அது இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதம் தூக்கமில்லை.


பனியன்காரன்

இங்கே எல்லோரும் பைலின் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நான் இந்தப் பக்கம். சின்ன யூனிட், பன்னிரண்டு மெஷின்.

80 கேட்டால் 60 தருவார்கள் என்று எனக்குத் தெரியும். 60 கேட்டால் 45 தருவார்கள். அப்புறம் நான் எவ்வளவு கேட்பேன்? நூலுக்கு ரொக்கம் கொடுத்தால்தான் மூட்டை வண்டி ஏறும். துணி வாங்கினவர் தொண்ணூறு நாள் கழித்துச் செக் கொடுப்பார். குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் வாங்கியவர் பணம் கொடுக்கும் வருடம் வரை வருமான வரியில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது என்று 43பி(எச்) பிரிவு வந்தது, 2023-24 கணக்கு வருடத்திலிருந்து. நல்ல சட்டம். ஆனால் என் வாடிக்கையாளரிடம் போய் அந்தப் பிரிவை எடுத்துக் காட்டினால் அடுத்த ஆர்டர் வேறு ஒருவருக்குப் போய்விடும்.

இன்னொன்று. கரண்ட் பில் ஏறவில்லை, அதனால் உற்பத்தி ஏறாது என்று உங்கள் மேடம் முடிவு கட்டியது தப்பு. சீசனில் நான் பாதித் துணியை வெளியே கொடுத்துத்தான் ஓட்டி வாங்குகிறேன். விற்பனை என் பெயரில், கரண்ட் இன்னொருத்தர் பில்லில். அதே மாதிரி என் நூல் மற்றவர் குடோனில் கிடக்கும். அதை எந்த அதிகாரி எண்ணினார்? என் ஸ்டாக் இங்கே இருந்தால் எண்ணுவார்கள், வெளியே இருந்தால் அது இல்லாத ஸ்டாக்.


நொய்யல்

@பழைய லெட்ஜர் சார், கண்டிப்பை ஏற்கிறேன். தொழிலையும் கொஞ்சம் மாற்றித்தான் எழுதினேன், எதை என்று சொல்ல மாட்டேன்.

@பனியன்காரன் அண்ணா, இதை நான் யோசிக்கவே இல்லை. மேடம் கேட்டாரா என்று நினைத்துப் பார்க்கிறேன். "வெளியே ஓட்டுறீங்களா" என்று கேட்டார், அவர் இல்லை என்றார். கேட்காமல் எழுதியிருந்தால் நீங்கள் சொல்வதுதான் நடந்திருக்கும். ஸ்டாக் வெளியே இருப்பதை ஏற்றுக்கொள்ள முடியாதா என்று பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும்.


பழைய லெட்ஜர்

முடியும். எந்த இடத்தில் எவ்வளவு என்று ஸ்டேட்மென்டில் தனியாகக் காட்ட வேண்டும், அந்த இடத்துக்கும் இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், அதிகாரி அங்கும் போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவது நடக்காது, அதனால் முதல் இரண்டையும் யாரும் கேட்பதில்லை. பனியன்காரர் கோபம் நியாயமானது.


கணக்குப்பிள்ளை

அண்ணா, உங்கள் நூல் போகிற ஒவ்வொரு டிசிக்கும் நம்பர் போட்டு வையுங்கள். உள்ளீட்டுப் பொருளை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினால் ஒரு வருடத்துக்குள் திரும்பி வர வேண்டும் என்று ஜிஎஸ்டியில் இருக்கிறது, ஐடிசி-04 படிவத்தில் காட்ட வேண்டியதும் அனுப்புகிறவர்தான். அந்தப் படிவத்தையும் டிசிகளையும் கிளையில் கொடுத்தால் "இல்லாத ஸ்டாக்" என்று சொல்ல முடியாது.


பனியன்காரன்

டிசி புக் இருக்கிறது. நம்பர்தான் வரிசையாக இல்லை.


இரண்டாமாண்டு

எனக்கு நடைமுறைக் கேள்வி. இப்படிப்பட்ட கிளை எப்படிக் கிடைக்கிறது? நான் நான்கு கிளையில் நேரில் போய்க் கேட்டேன், "ரீஜனல் ஆபீஸ் போ" என்றார்கள். அங்கே "கிளையில் கேள்" என்றார்கள். பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தில் போடலாமா?


நொய்யல்

2025இல் நான் பார்த்தபோது அது நம்மைப் போன்றவர்களுக்கு ஒத்துவரவில்லை. அப்போது 21 முதல் 24 வயது, பன்னிரண்டு மாதம், மாதம் 5,000 என்று இருந்தது. முழுநேரம் படித்துக்கொண்டிருந்தால் முடியாது, எம்பிஏ முடித்தவர்களுக்கும் இல்லை என்றார்கள். வங்கிகள் எடுக்கும் அப்ரண்டிஸ் வேறு, அது பட்டதாரிகளுக்கு ஒரு வருடம். ரிசர்வ் வங்கியே கோடைப் பயிற்சி தருகிறது, முதுநிலை மாணவர்களுக்கு, மாதம் 20,000. ஆனால் அதற்கு முந்தைய அக்டோபரிலேயே விண்ணப்பம் திறந்துவிடும். மார்ச்சில் விழித்துக்கொண்டு பயனில்லை.

எனக்குக் கிடைத்தது எப்படி என்றால், கல்லூரிக் கடிதத்தோடு மண்டல அலுவலக மனிதவளப் பிரிவுக்குப் பிப்ரவரியிலேயே எழுதினேன். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து நேரில் போனேன். "கடன் பிரிவில் ஸ்டாக் ஆய்வு பற்றிப் படிக்க வேண்டும்" என்று ஒரே வரியில் கேட்டதால்தான் அனுப்பினார்கள் என்று நினைக்கிறேன். "ஏதாவது இன்டர்ன்ஷிப்" என்று கேட்டவர்கள் இரண்டு பேர் வாசலோடு திரும்பினார்கள். தலைமையகமே நம் மாநிலத்தில் இருக்கிற வங்கிகளுக்கும் எழுதிப் பாருங்கள். சென்னையில் இந்தியன் வங்கி, ஐஓபி, கரூரில் கரூர் வைசியா, கும்பகோணத்தில் சிட்டி யூனியன், தூத்துக்குடியில் டிஎம்பி (தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி).

கோடையில் கிளைக்குப் போனால் வருட முடிவுக் களைப்பு, தணிக்கை, இடமாற்றம் எல்லாம் ஒன்றாக நடக்கும். யாருக்கும் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. படிவம் வாங்கச் சொன்னால் வாங்கி வையுங்கள், டீ குடிக்கப் போகும்போது கூடவே போங்கள்.


வைகைக்கரை

ஒரு சந்தேகம். அந்த 60 லட்சம் யூனிட் இப்போது எப்படி இருக்கிறது?


நொய்யல்

தெரியாது, கேட்கவும் கூடாது. நான் இருந்தபோது ஊரே நல்ல மனநிலையில் இருந்தது. மே 6 அன்று பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தப் பேச்சு முடிந்த செய்தி வந்தது, அந்த மாதம் நான் பார்த்த கணிப்புகளில் எல்லாம் அம்பு மேல்நோக்கித்தான். ஆகஸ்ட் 27இல் அமெரிக்க வரி 50% ஆனது. அந்த அதிகாரி 4 கோடியை 3 ஆக்கியபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் இரக்கமின்மையாகப் பட்டது. ஆகஸ்டில் அப்படிப் படவில்லை. அவருக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.


பனியன்காரன்

வரி வந்த மாதம் ஏற்றுமதிக்காரர்கள் ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். என் இரண்டு மெஷின் துணி போட்டு மூடியிருந்தது. இதற்கு மேல் வேண்டாம்.


பழைய லெட்ஜர்

தம்பி, ஸ்டாக் ஆய்வு பற்றிக் கல்லூரியில் ரிப்போர்ட் கொடுத்தீர்களா? படிக்க ஆசை.


நொய்யல்

அது ஒரு தனிக் கதை சார். தலைப்பை எழுதிக் கொண்டுபோனேன். கைடு, "இதில் கேள்வித்தாள் எங்கே? மாதிரி அளவு எங்கே? கை-ஸ்கொயர் எங்கே?" என்றார். அறுபது பக்கம் வர வேண்டும், 120 பேரிடம் கருத்து கேட்டிருக்க வேண்டும். கடைசியில் "வங்கிச் சேவையில் வாடிக்கையாளர் திருப்தி" என்று மாற்றினேன். சீனியர்கள் மூன்று பேர் அதே தலைப்பில் செய்திருந்தார்கள், அறிமுக அத்தியாயத்துக்கு அலைய வேண்டியதில்லை. நூல் மூட்டை விஷயம் நான்காம் அத்தியாயத்தில் அரைப் பக்கம். வைவாவில் அதை யாரும் திறக்கவில்லை. என்பிஏ என்றால் என்ன என்று கேட்டார்கள், 90 நாள் என்றேன், "வெரி குட்".


கணக்குப்பிள்ளை

120 பேரும் நிரப்பிக் கொடுத்தார்களா?


நொய்யல்

15எச் வரிசையில் நின்றவர்களிடம் கொடுத்தேன். 82 பேர் நிரப்பினார்கள்.


பழைய லெட்ஜர்

மீதி 38 யாருடையது?


நொய்யல்

நானும் ரூம்மேட்டும் சார். மூன்று நிறப் பேனாவில்.